பத்தொன்பதாம் எண்ணின் முகவரி

அந்த ஆய்வகத்தில் ஆட்டோகிளேவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மேசைகள் உண்டு. ஆட்டோகிளேவ் என்றால் வேறொன்றுமில்லை, ஆள் உயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர். அதற்கு இடப்பக்க மேசையில் வைத்தது சாக வேண்டியது. வலப்பக்க மேசையில் வைத்தது வாழ வேண்டியது. இடப்பக்கம் எது கிடந்தாலும் யாரையும் கேட்காமல் குக்கரில் ஏற்றி, நூற்று இருபத்தோரு டிகிரியில் பதினைந்து நிமிடம் வேகவைத்து, அதில் உள்ள கிருமி அத்தனையையும் கொன்றுவிடலாம். கேட்கக் கூடாது என்பதும் சட்டத்தின் ஒரு பகுதி. கேட்க ஆரம்பித்தால் எவரும் எதையும் தூக்கிப்போட மாட்டார்கள். "இருக்கட்டும், வேணும்னா பாக்கலாம்" என்பார்கள். ஆறு மாதத்தில் ஆய்வகம் முழுக்கப் பூஞ்சை பூக்கும்.

இந்தச் சட்டத்தை இயற்றியவர் பிளேட்டக்கா. இருபத்திரண்டு வருஷமாக அதை ஒருமுறைகூட மீறாதவரும் அவர் ஒருவர்தான். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. வேலை, ஆய்வக உதவியாளர். வாரத்துக்கு அறுநூறு கண்ணாடித் தட்டுகளில் அகர் என்னும் கூழை ஊற்றி ஆறவைத்து, பாக்டீரியாக்கள் குடியேறுவதற்குத் தயாராக அடுக்கித் தருவார். ஊற்றும்போது அளவுக்குவளை தேவையில்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் அரைத் துளி வித்தியாசம் இருக்காது. அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை.

அந்த மாதம் பதினோராம் தேதி, காலை பத்தரை மணிக்கு, இடப்பக்க மேசையில் ஒரு சின்னத் தாங்கியில் ஆறு குப்பிகள் இருந்தன. பிளேட்டக்கா எடுத்தார், உள்ளே வைத்தார், மூடியைத் திருகினார்.

பதினொன்றே காலுக்கு ஆய்வு மாணவி உள்ளே வந்தாள். முப்பத்திரண்டு வயது, முனைவர் பட்டத்துக்கு ஏழாவது வருஷம்.

"அக்கா, இங்க ஒரு ஆறு குப்பி வெச்சிருந்தேனே?"

"எங்க?"

அவள் கை நீட்டிய இடத்தைப் பிளேட்டக்கா பார்த்தார். குக்கரின் மூடியைப் பார்த்தார். மாணவியும் பார்த்தாள். உள்ளே மிச்சமிருந்த நீராவி 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"பையனோட ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சுக்கா," என்றாள் மாணவி, யாரோ கேட்டதுபோல. "காய்ச்சல்னாங்க. ஒரு நிமிஷம்தானேன்னு கையில இருந்ததை வெச்சிட்டு..."

"எல்லாக் குப்பியுமா?"

"லேபிள் மாத்தறதுக்காக எல்லாத்தையும் எடுத்தேன்."

"ஃப்ரீசர்ல ஒண்ணுகூட இல்லியா?"

"எடுத்துட்டேனேக்கா."

பாக்டீரியா சாவது கண்ணுக்குத் தெரியாது. ஆறு குப்பிகளும் போனபடியேதான் வெளியே வந்தன. நீர் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. அவற்றில் இருந்ததன் பெயர் பத்தொன்பது.

பத்தொன்பது என்பது ஒரு பாக்டீரியா வகைக்கு அந்த ஆய்வகம் வைத்த எண். எண்ணெய் கொட்டிக் கொட்டிக் கறுத்துப்போன மண்ணில் வேறு எதுவும் முளைக்காது. ஆனால் அந்த எண்ணெயையே தின்று பிழைக்கும் நுண்ணுயிர்கள் அதில் உண்டு. தின்பதற்கு முன் எண்ணெயை அறுத்துத் துண்டாக்க அவை ஒரு நொதியைச் சுரக்கும். அந்த நொதியைச் சலவைத்தூளில் கலந்தால் அது துணியில் உள்ள எண்ணெய்க் கறையையும் அறுக்கும். அழுக்கிலிருந்துதான் அழுக்கெடுக்கும் பொருள் வருகிறது என்பதில் மாணவிக்கு ஆரம்பத்தில் ஒரு கவித்துவம் தெரிந்தது. ஏழு வருஷத்தில் அது தேய்ந்துவிட்டது. இந்த நொதிகளுக்கு ஒரு குறை, சுடுதண்ணீர் ஆகாது. அறுபது டிகிரியில் எல்லாம் கெட்டுப்போகும். நாற்பத்திரண்டு வகைகளில் நாற்பத்தொன்று கெட்டுப்போயின. பத்தொன்பது மட்டும் கொதிக்கப்போகிற தண்ணீரிலும் சாவகாசமாக வேலை பார்த்தது. மாணவியின் ஆய்வேடு, இருநூற்றுப் பத்துப் பக்கம், அந்தச் சாவகாசத்தைப் பற்றியது.

ஆய்வேடு தயார். ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. பல்கலைக்கழகத்தின் விதி: புதிதாகப் பிரித்தெடுத்த பாக்டீரியாவை உயிரோடு, இன்னொரு நகரத்தில் உள்ள நுண்ணுயிர்க் காப்பகத்தில் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டை ஆய்வேட்டில் இணைக்க வேண்டும். முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு மாணவியின் பதிவுக்காலம் முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. சீட்டு இல்லையென்றால் ஏழு வருஷமும் இல்லை.

பேராசிரியரை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு யாரையும் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. எழுந்து அலமாரியைத் திறந்து மாதிரிப் பதிவேட்டை எடுத்தார். தடித்த அட்டை, பச்சை முதுகு. அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார்: எழுதாதது நடக்காதது.

"மண்ணு எங்கயும் ஓடிப்போகாது. பத்தொன்பது எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே போய்த் தோண்டுங்க. இங்க தெளிவா இருக்கு பாருங்க." விரலை வைத்துப் படித்தார். "எண்ணெய் ஆலை, பின்முற்றம், மூணாவது கிடங்குச் சுவரோரம். ஆழம் பத்து சென்டிமீட்டர். எடை பத்து கிராம். எடுத்தவர்..." நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே?"

"ஆமா மேடம்," என்றார் பிளேட்டக்கா.

"அப்புறம் என்ன பயம்? உங்க கையெழுத்து இருக்கறப்ப அது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி."

பிளேட்டக்கா அந்த வரியை எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்தார்.

அந்த வரியில் உண்மையாக இருந்தது மண்ணின் எடை மட்டும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது இது. பிளேட்டக்காவின் கணவர் அந்த எண்ணெய் ஆலையில் டிரம் நிரப்பும் பிரிவில் மேஸ்திரி. ஆகவே ஆலை மண் கொண்டுவரும் பொறுப்பு இயல்பாகப் பிளேட்டக்காவின் தலையில் விழுந்தது. போனார். அன்று முதலாளி வந்திருந்ததால் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. "நாளைக்கு வாங்க," என்றான். நாளைக்கு மாணவிக்கு மண் வேண்டும். தட்டுகள் ஊற்றி முடித்தாகிவிட்டது, வைத்திருந்தால் காய்ந்துபோகும். வீட்டுக்கு வந்தால் வாசலில் கணவரின் பூட்ஸ். அடிப்பக்கத்து வரிகளில் கறுப்பாக, பசைபோல, எண்ணெய் ஊறிய மண். ஒரு கரண்டியைக் கொதிநீரில் போட்டெடுத்தார். சுரண்டினார். பத்து கிராம் தேறியது.

ஆலை மண் ஆலையில் இருந்தால் என்ன, ஆலைக்காரர் காலில் இருந்தால் என்ன? இந்தத் தர்க்கத்தில் அவருக்கு அன்று ஓட்டை தெரியவில்லை. தெரிந்த ஓட்டை ஒன்றுதான், படிவத்தில் 'ஆழம்' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் மேடம் படிவத்தைத் திருப்பி அனுப்புவார். பத்து சென்டிமீட்டர் என்று எழுதினார். பூட்ஸின் குதிகாலே அவ்வளவு உயரம் இருக்காது.

பன்னிரண்டாம் தேதி ஆலையில் முதல் தோண்டல். இந்தமுறை மேடமே கடிதம் கொடுத்திருந்ததால் கேட் திறந்தது. மூன்றாவது கிடங்குச் சுவரோரம் மாணவி மண்டியிட்டு அளவுகோலை நட்டாள்.

"இந்த இடம்தானேக்கா?"

"இங்கதான்... இந்தப் பக்கம்."

"சரியா எங்கக்கா? கை வெச்சுக் காட்டுங்க."

பிளேட்டக்கா கை வைத்துக் காட்டினார். வாழ்க்கையில் முதன்முறையாகக் குனிந்த அந்த இடத்தை, வெகுநாள் பழக்கம் உள்ளவர்போல.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு சொட்டைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு சொட்டை மறுபடி பத்து மடங்கில் என்று ஆறு முறை மெலியவைத்து, எண்ணெய் கலந்து பால்போல வெளுத்திருக்கும் தட்டில் தடவி வைப்பார்கள். இரண்டு நாளில் புள்ளி புள்ளியாகப் பாக்டீரியாக் கூட்டங்கள் வளரும். எந்தப் புள்ளியைச் சுற்றி வெண்மை கரைந்து கண்ணாடிபோல ஒரு வளையம் தெளிகிறதோ, அதுதான் எண்ணெய் அறுக்கும் ஜாதி. பிறகு அதன் நொதியை அறுபது டிகிரியில் சோதிக்க ஒரு நாள். ஆக ஒரு சுற்றுக்கு மூன்று நாள். அதைக் குறைக்க முடியாது. பாக்டீரியாவுக்கு முப்பதாம் தேதி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பதினைந்தாம் தேதி: பதினொரு வளையங்கள். அறுபது டிகிரியில் பதினொன்றும் படுத்துவிட்டன.

பதினெட்டாம் தேதி: எட்டு வளையங்கள். எட்டும் படுத்தன.

மாணவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பேசுவதையும் ஏறக்குறைய. தட்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள், வைப்பாள், மறுபடி அதே தட்டைத் தூக்குவாள்.

"நான்தான்க்கா கொன்னுட்டேன்," என்றாள் ஒருநாள், தட்டைப் பார்த்தபடியே.

"நான்தானே உள்ள வெச்சேன்."

"நீங்க ரூல்படி வெச்சீங்க. உங்க மேல என்ன தப்பு? நீங்க தப்பே பண்ண மாட்டீங்க."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட பிளேட்டக்கா இவ்வளவு கூசியிருக்க மாட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "காப்பி வேணுமா?" என்றுதான் வந்தது.

சொல்லாததற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. பூட்ஸ் மண்ணும் ஆலை மண்தான்; ஆகவே ஆலையில் தோண்டத் தோண்ட ஒருநாள் பத்தொன்பது கிடைத்தே தீரும்; கிடைத்துவிட்டால் அந்தப் பொய் வரி தானாகவே உண்மையாகிவிடும். உலகத்தில் பல பொய்கள் இப்படித்தான் பொறுமையாகக் காத்திருந்து மெய்யாகியிருக்கின்றன. இதற்கு மட்டும் அவகாசம் போதவில்லை.

பதினெட்டாம் தேதி மூன்றாவது சுற்று தொடங்கியபோது, ஆலை மண் தடவிய நாற்பது தட்டுகளுக்குக் கடைசியில் நாற்பத்தொன்றாவதாக ஒரு தட்டு இன்குபேட்டர் என்னும் வளர்ப்புப் பெட்டிக்குள் போனது. அதன் மேல் எண் இல்லை, தேதி இல்லை. ஊதா மையில் ஒரு புள்ளி மட்டும். அதில் தடவிய மண், அன்று காலை வீட்டு வாசலில், கணவர் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பூட்ஸிலிருந்து சுரண்டியது. எண்ணும் தேதியும் இல்லாமல் ஒரு தட்டு உள்ளே போவதைக் கண்டால் போன மாதம்வரை பிளேட்டக்கா அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

இருபத்தொன்றாம் தேதி பிற்பகல். ஆலையின் நாற்பது தட்டுகளிலும் இருந்து எடுத்தவை அறுபது டிகிரியில் வரிசையாகப் படுத்தன. மாணவி நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். பிளேட்டக்கா அவளுக்கு முதுகைக் காட்டி நின்று புள்ளித் தட்டின் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்தார்.

அறுபது டிகிரியில் அது வேலை செய்துகொண்டிருந்தது. சாவகாசமாக.

மகிழ்ச்சி வர வேண்டிய இடத்தில் அவருக்கு முதலில் வந்தது கணக்கு. ஆலை முற்றத்தில் நூறு தட்டுக்கு மேல் தேடியும் இல்லை. பூட்ஸில் மூன்று வருஷத்துக்கு முன்னும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அப்படியானால் அது ஆலையிலிருந்து வரவில்லை. அப்படியானால் ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இந்த மனிதர் வேறு எங்கோ போகிறார். மூன்று வருஷமாக.

குழாயைத் தாங்கியில் வைத்தார். வலப்பக்க மேசைதானா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு நேரத்துக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பினார்.

கணவர் ஐந்தரைக்கு வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

"மில்லு விட்டு எந்த வழியா வந்தீங்க?"

"எந்த வழி? எப்பவும் வர்ற வழிதான்."

"நடுவுல எங்க நின்னீங்க?"

"நிக்கவே இல்லியே. என்ன, வந்ததும் வராததுமா போலீஸ் மாதிரி?"

"மில்லு முற்றத்தை மூணு தடவை தோண்டியாச்சு. அங்க இல்லாதது உங்க பூட்ஸ்ல இருக்கு."

அவர் முகம் மாறியது. ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"யார் சொன்னா?"

"பாக்டீரியா சொல்லுச்சு."

"தினமும் இல்லம்மா. சத்தியமா. வாரத்துல நாலு நாள்தான்."

பிளேட்டக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை வருஷமா?"

"நாலு இருக்கும்."

"யாரு அவ?"

"எவ?"

"அதைத்தான் கேக்கறேன்!"

"என்ன பேசறே நீ?" கணவருக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகத்தில் அச்சத்துக்கு நடுவே லேசான பெருமை ஒன்று தலைகாட்டி மறைந்தது. "ஐயோ, அதெல்லாம் இல்ல. பொரிச்சதும்மா. ரயில்வே கேட்டுக்கிட்ட ஒரு கடை இருக்கு. சூடா பொரிச்சுத் தருவான். டாக்டர் எண்ணெய்ப் பலகாரமே கூடாதுன்னாரே, அன்னிலேர்ந்து..."

"அன்னிலேர்ந்து விட்டுட்டேன்னீங்க."

"அன்னிலேர்ந்து முன்பக்கம் நிக்கறதை விட்டுட்டேன். யாராவது பாத்து உங்கிட்ட சொல்லிட்டா? அதான் கடைக்குப் பின்னாடி நின்னு சாப்பிடறது. அங்க ஒரே சேறும் சகதியும்மா. பழைய எண்ணெயை அங்கதான் கொட்டுவான்."

"சூடாவா?"

"புகை வரும். அவன் கொட்டறப்ப நாம காலைத் தூக்கிக்கணும்."

அறுபது டிகிரிக்கு அஞ்சாத நுண்ணுயிர் எங்கே படித்தது என்று பிளேட்டக்காவுக்கு விளங்கிவிட்டது. திட்டுவதற்கு மூச்சை உள்ளே இழுத்தார். நாலு வருஷப் பொய், அதுவும் பலவீனமான இதயத்தை வைத்துக்கொண்டு. ஆனால் இந்த ஆள் ஒளிந்து தின்றிராவிட்டால் பத்தொன்பது என்று ஒன்றே இல்லை. தான் ஆழம் பத்து என்று எழுதியிராவிட்டால் அந்த ஒளிதல் என்றைக்கோ வெளிவந்திருக்கும். ஒரே வீட்டில் இரண்டு பொய்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், மூன்று வருஷமாக ஒன்றையொன்று காப்பாற்றி வந்திருக்கின்றன.

"நாளைக்குக் காலைல மில்லுக்கு லீவு சொல்லுங்க. கடையைக் காட்டணும்."

"எதுக்கு? அதான் இனிமே போகலைன்னு..."

"இப்பத்தான் போகணும்."

மறுநாள் ஒன்பது மணிக்கு மேடத்தின் அறையில் பிளேட்டக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். காவலாளி, பூட்ஸ், கரண்டி, பத்து சென்டிமீட்டர், புள்ளித் தட்டு. மாணவி கதவோரம் நின்று கேட்டாள். மேடம் பேனாவின் மூடியைத் திருகி மூடினார், மறுபடி திறந்தார், மறுபடி மூடினார்.

"இந்தப் பதிவேட்டுல உங்க கையெழுத்துல எத்தனை வரி இருக்கும்?"

"நாலாயிரத்துக்கு மேல மேடம்."

"அதுல பொய் எத்தனை?"

"இது ஒண்ணுதான்."

"அதை நான் எப்படி நம்பறது?"

நாலாயிரம் உண்மைகளுக்கும் சாட்சி பிளேட்டக்கா ஒருவர்தான். அந்தச் சாட்சிதான் சற்றுமுன் பிறழ்ந்துவிட்டது.

"முதல் தடவை தோண்டறப்ப கை வெச்சுக் காட்டினீங்களேக்கா," என்றாள் மாணவி. குரல் உயரவில்லை. "பத்து நாளு. என் பக்கத்துலயேதானே நின்னீங்க?"

"ஆமா."

"காப்பி வேணுமான்னு கேட்டீங்க."

"ஆமாம்மா."

மாணவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, ஏழு வருஷம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே உருப்படியான குணத்தோடு, காரியத்துக்குத் திரும்பினாள். "மேடம், பத்தொன்பது இப்ப கையில இருக்கு. இன்னிக்கே அனுப்பிடலாம். இன்னும் எட்டு நாள் இருக்கு."

"எங்கேர்ந்து எடுத்ததுன்னு எழுதுவே?"

"பூட்ஸ்லேர்ந்து..."

"காப்பகத்துப் படிவத்துல அட்சரேகை, தீர்க்கரேகை கேப்பான். பூட்ஸுக்கு என்ன அட்சரேகை? அது மில்லுல ஒண்ணு, இவங்க வீட்டு வாசல்ல ஒண்ணு." மேடம் எழுந்தார். "ஒரு தடவை பொய் முகவரியில இருந்துச்சு. மறுபடி முகவரியே இல்லாம அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன். தோண்டி, மண்ணுலேர்ந்து எடுத்து, அதுவும் இதுவும் ஒண்ணுதான்னு காட்டணும்."

"மூணு நாள் போயிடும் மேடம்!"

"போகும்."

"வரலைன்னா?"

மேடம் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பொரிக்கிற கடைக்காரருக்கு, காலைநேரத்தில் கையுறை மாட்டிய மூன்று பெண்களும் அவர்களுக்குப் பின்னால் தலைகுனிந்த தன் வாடிக்கையாளரும் வந்து நின்றதும் வேர்த்துவிட்டது.

"சுகாதாரத் துறையா? எண்ணெய் தினமும் மாத்தறேங்க. வேணும்னா மோந்து பாருங்க."

"பழசை எங்க கொட்டுவீங்க?" என்றார் மேடம்.

"கொட்டவே மாட்டேங்க!"

"அண்ணே," என்றார் கணவர் மெதுவாக, "எல்லாம் சொல்லிட்டேன்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு வருஷமா உங்களை ஒளிச்சு வெச்சுச் சோறு போட்டேனே! நீங்களா என்னைக் காட்டிக் குடுக்கறது?"

"பயப்படாதீங்க," என்றார் மேடம். "நீங்க கொட்டினதுதான் எங்களுக்கு வேணும். எத்தனை வருஷமா கொட்டறீங்க?"

"கோபிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"பதினொண்ணு."

"ரொம்ப நல்லது," என்றார் மேடம். மண்ணைக் கெடுத்ததற்காக ஒரு பேராசிரியர் அவரைப் பாராட்டியது கடைக்காரருக்குப் பிடிபடவில்லை. பொறிக்குள் வைத்த தேங்காய்த் துண்டை எலி பார்ப்பதுபோல அந்தப் பாராட்டைத் தள்ளிநின்று பார்த்தார்.

கடைக்குப் பின்னால் மண் தார்போல இருந்தது. பிளேட்டக்கா மண்டியிட்டார். அளவுகோலை நட்டார். கண்ணை மண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். "ஏழு," என்றார். மாணவி எழுதுவதற்கு முன் தானும் குனிந்து பார்த்தாள். அவள் அப்படிக் குனிந்ததைப் பிளேட்டக்கா பார்க்காததுபோல இருந்தார்.

இருபத்தைந்தாம் தேதிவரை மூவரும் ஒருவரோடொருவர் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார்கள். பிளேட்டக்கா தட்டுகளைத் தானாகத் தொடவில்லை, கேட்டால் எடுத்துக்கொடுத்தார். இருபத்து நான்காம் தேதி காலை வளையங்கள் தெரிந்தன, ஆறு. இருபத்தைந்தாம் தேதி பதினொரு மணிக்கு ஆறு குழாய்கள் அறுபது டிகிரித் தண்ணீரில் இறங்கின. ஒன்று படுத்தது. இரண்டாவது படுத்தது. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து படுத்தன. மாணவி எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டாள்.

"மேடம், நீங்களே பாருங்க. நான் பாக்கலை."

மேடம் குனிந்து பார்த்தார். ஐந்தாவது வேலை செய்துகொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு பிளேட்டக்காவைக் கூப்பிட்டு, "நீங்க பாருங்க," என்றார். அந்த வாரத்தில் அவர் பிளேட்டக்காவிடம் வேலைக்கு வெளியே சொன்ன முதல் வார்த்தை அது.

மரபணு எழுத்துகளைப் படித்துச் சொல்லும் நிறுவனம், ஆய்வேட்டில் பதிவாகியிருந்த பழைய பத்தொன்பதும் கடை மண்ணின் ஐந்தாவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே என்று இருபத்தேழாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குச் சொன்னது. கூரியரை நம்பாமல் மாணவியே ரயிலேறினாள். குழாயைச் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில், பிள்ளையைத் தூக்கிப்போகிற மாதிரி கொண்டுபோனாள். சொந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். காப்பகத்தில் வாங்கிக்கொண்டவர்கள், வளர்த்துப் பார்த்து உயிர் இருந்தால்தான் சீட்டு என்றார்கள். ஆகவே முப்பதாம் தேதி பிற்பகல் இரண்டேகாலுக்குத்தான் சீட்டு கையில் வந்தது. திரும்பி வர நேரமில்லை, படம்பிடித்து அனுப்பினாள். இங்கே மேடம் அச்செடுத்தார், பிளேட்டக்கா ஆய்வேட்டில் ஒட்டினார், இரண்டு பேரும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனார்கள். மூன்று ஐம்பதுக்குக் குமாஸ்தா முத்திரை குத்தினார். "ரெண்டாம் அதிகாரத்துல மண் எடுத்த இடத்தைத் திருத்தியிருக்கே, யார் கையெழுத்து?" என்று கேட்டார். "என்னோடது," என்றார் மேடம்.

அடுத்த திங்கட்கிழமை பிளேட்டக்காவுக்கு மெமோ வந்தது. பொய்ப் பதிவு செய்ததற்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளில் விளக்க வேண்டும். கையெழுத்து: மேடம். அதே வாரம் படிவத்தில் 'ஆழம்' கட்டத்துக்குப் பக்கத்தில் 'தெரியவில்லை' என்று ஒரு புதிய கட்டம் சேர்ந்தது. அதற்கும் கையெழுத்து மேடம்தான்.

பிளேட்டக்கா நாலு பக்கம் எழுதிக் கிழித்தார். கடைசியில் மூன்று வரி: 'அந்த மண் என் கணவர் பூட்ஸிலிருந்து சுரண்டியது. ஆலை முற்றம் என்று எழுதியது நான். கட்டத்தைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்தேன்.' மேடம் படித்தார். "தேதி போடலை," என்றார். பிளேட்டக்கா தேதி போட்டார்.

தண்டனை இதுதான்: ஓராண்டுக்குப் பதிவேட்டில் அவர் எழுதும் ஒவ்வொரு வரியிலும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பட்டம் வாங்கிய மாணவிக்கு அதே ஆய்வகத்தில் தற்காலிக வேலை கிடைத்திருந்ததால் அந்தப் பொறுப்பு அவளுக்கு வந்தது. கணவர் இப்போது மாலை நேரே வீட்டுக்கு வருகிறார்; ஐயமிருந்தால் பூட்ஸைச் சோதித்துக்கொள் என்று அவரே சொல்கிறார். பிளேட்டக்கா சோதிக்கிறார்.

போன வாரம் புதிய இடத்து மண் ஒன்று வந்தது. லாரி நிறுத்துமிடம். பிளேட்டக்கா பதிவேட்டில் எழுதிவிட்டு நகர்ந்து நின்றார். முன்னாள் மாணவி விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவிப் பார்த்தாள்.

"ஆறு சென்டிமீட்டரா?"

"ஆறு."

"ஆறரை இல்லியே?"

"ஆறுதான்."

"அளந்தீங்களாக்கா?"

"அளந்தேன்."

அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்திடாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

"வாங்க, ஒரு நடை போய் மறுபடி அளந்துட்டு வரலாம்."

பிளேட்டக்கா அளவுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.